கல்லறையில் முளைத்த வாழை

அன்புள்ள மகன் இன்னாசிக்கு,

நம் வீட்டில் எவர் கடிதம் எழுதினாலும் சேசு, மரி, சூசை என்று மூன்று பெயரையும் தலையில் போட்ட பிறகுதான் நலம் விசாரிப்போம். நானும் போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். இந்தக் காகிதத்தில் வரப்போகிற சங்கதிக்குத் திருக்குடும்பத்தைச் சாட்சிக்கு இழுப்பது மரியாதையில்லை என்று பட்டது. நம் குடும்பமே போதும். அதிலும் சாட்சி சொல்ல மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். உன்னை மருமகனே என்று கூப்பிடுவதுதான் முறை. ஆனால் உன் அப்பாவைப் பேதி கொண்டுபோன பிறகு, உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து தாய்மாமன் என்ற சட்டை எனக்குப் பத்தவில்லை. உன்னை வளர்க்க நான் சிந்திய வியர்வையை ஒரு ஏரியில் தேக்கியிருந்தால் கலசப்பாக்கத்து வயல்களெல்லாம் இரண்டு போகம் கூடுதலாக விளைந்திருக்கும். ஆகவே மகனே என்றே எழுதுகிறேன். இதைத் தபாலில் போட்டால் உங்கள் குருமடத்துப் பெரிய சாமியார் பிரித்துப் படித்த பிறகே உன்னிடம் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் வண்டிக்காரன் முனுசாமி கையில், புளிக்கூடைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் உனக்குக் குருப்பட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார், முதல் பூசை நம் ஊர்க் கோயிலில்தான் என்று நீ எழுதியது வந்ததிலிருந்து ஊருக்குத் தலைகால் தெரியவில்லை. கோயிலுக்கு அடிக்கிற சுண்ணாம்பு வெளிச்சத்தில் கோழிகள் விடிந்துவிட்டதென்று நாள் முழுக்கக் கூவுகின்றன. பூசை முடிந்ததும் மேளத்தோடு உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், சவரிமுத்துவின் குழி மேல் உன் கையாலேயே தீர்த்தம் தெளிக்கவைப்பது என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. சவரிமுத்து உன் அம்மாவின் முதல் புருஷன். ஜவ்வாது மலைக்குப் புளியும் கடுக்காயும் வாங்கப் போன இடத்தில், மலைக்காரர்களுக்கு வேதம் சொன்ன குற்றத்துக்காகப் பிசாசு கரடி ரூபத்தில் வந்து கிழித்துப்போட்ட உத்தமர். அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். முதலில் சொன்னபோது கரடி கரடியளவில்தான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் தீனி போட்டேன். நீ பொடியனாகப் புதுநன்மை வாங்கியபோது அது கோயில் மணிக்கூண்டு உயரம் வளர்ந்திருந்தது. நீ குருமடத்துக்குப் புறப்பட்டபோது அது உறுமிய உறுமலில் பர்வதமலைப் பாறை ஒன்று உருண்டு வந்து ஏரியில் விழுந்தது. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியையும் பாதியாக்கி நம்புவது உன் வழக்கம், எனக்குத் தெரியும். இனி வருவதை அப்படிச் செய்யாதே. கரடி கிடையாது. நீ தீர்த்தம் தெளிக்கப்போகிற குழிக்குள் சவரிமுத்துவும் கிடையாது. உள்ளே போனது ஒரு வாழைமரம்.

பழைய யுத்தம் ஓய்ந்த சமயம் அது. சவரி மாமா மலைக்குப் போனவர் பங்குனி போய் ஆடி வந்தும் இறங்கவில்லை. உன் தாத்தா, அதாவது என் நைனா, நீ யார் பெயரைச் சுமக்கிறாயோ அந்தப் பெரிய இன்னாசி, என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஜமுனாமரத்தூருக்கும் அந்தாண்டை, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு குடிசை. வாசலில் நம் சவரி மாமா முறத்தில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நம் வேதக்காரர்கள் போடுகிற உத்தரியம் இல்லை. உள்ளே ஒரு மலைக்காரப் பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நைனா கோபத்தில் பேசினால் ஏழு ஊர் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். அன்றைக்கு மெதுவாகப் பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“எழுந்து வாடா மாப்ளே. வண்டி அடிவாரத்துல நிக்குது.”

“நான் வர்லே மாமா.”

“வர்லேன்னா இன்னா அர்த்தம்? கோயில்ல தாலி கட்டினியே, அவளுக்கு இன்னா பதிலு சொல்றது?”

“செத்துட்டேன்னு சொல்லிடுங்க” என்றார் சவரி மாமா. கொட்டை தட்டுவதை நிறுத்தவில்லை.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மகனே, நீ படிக்கிற சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஜனங்களுக்கு ஒன்று தெரியும். புருஷன் ஓடிப்போனால் நம் வேதத்தில் பெண்ணுக்கு வேறு கல்யாணம் கிடையாது. புருஷன் செத்தால் உண்டு. என் அக்கா அருளாயிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மலையிறங்குகிற வழியெல்லாம் நைனா அதைத்தான் மென்றுகொண்டு வந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் தெரிந்த தச்சன் ஒருவனிடம் கள்ளிப்பலகையில் ஒரு பெட்டி அடிக்கச் சொன்னார். அவன் தோட்டத்திலேயே ஒரு வாழையைக் காட்டி, வேரோடு பெயர் என்றார். நான் தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தேன். “கெழங்கோட வேணும்டா. தூக்கறவன்லாம் பொணம் தூக்கிப் பழகினவன். தலைமாடு கனக்கலேன்னா கண்டுபுடிச்சிடுவான்” என்றார். கிழங்கைத் தலைப்பக்கம் வைத்தோம். சவரி மாமாவுக்கு மாற்றிக் கட்ட நாங்கள் எடுத்துப் போயிருந்த அவர் வேட்டியை அதற்குச் சுற்றினோம். என்னை அறியாமல் வேட்டியின் தலைப்பை இழுத்து முகம் இருக்க வேண்டிய இடத்தை மூடினேன். நைனா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். ஆணியடித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “கரடின்னு சொல்லு. ஒனக்குத்தான் வாயி நீளம்” என்றார். கரடி அங்கே பிறந்தது.

முகத்தைக் காட்ட முடியாத கோலம் என்று சொன்னோம். சாமியார் நம்பினார், ஊர் நம்பியது. நானும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தோளில் தூக்கிக் கோயிலுக்குள் வந்தோம். பாட்டுப் பூசை நடக்கும்போதே பெட்டியின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வெட்டின வாழை சும்மா இருக்குமா. “ஐயோ, ரத்தமெல்லாம் தண்ணியா ஊத்துதே எம்மவனே” என்று ஒரு கிழவி ஒப்பாரி எடுத்தாள். அன்றைக்குக் கோயிலில் பெருகிய கண்ணீரில் ஓடம் விட்டிருக்கலாம். நான்கூட அழுதேன். கரடியை அத்தனை தத்ரூபமாகச் சொல்லியிருந்தேன். அக்கா மட்டும் அழவில்லை. பெட்டியை விட்டு என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் பிரமை பிடித்துவிட்டதென்று பெண்கள் அவளை அணைத்துக்கொண்டார்கள்.

நம் கல்லறைத் தோட்டம் பாறை நிலம் என்பது உனக்குத் தெரியும். ஆழம் தோண்ட முடியாது. ஐப்பசி மழை இறங்கியதும் குழியின் தலைமாட்டில் பச்சைக் குருத்து ஒன்று எட்டிப்பார்த்தது. கிழங்கோடு புதைத்த அறிவாளிகள் நாங்கள்தான். நைனாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆனால் கத்தோலிக்க ஊர் ஒன்று பச்சையைப் பார்த்தால் என்ன நினைக்கும்? புதுமை, அற்புதம் என்றது. வேதசாட்சியின் குழியில் வாழை முளைத்திருக்கிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் தன் காளையின் வயிற்றுக் கோளாறுக்கு ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுத்தான். காளை பிழைத்துக்கொண்டது. அதற்கும் நான்தான் பொறுப்பு என்று சொல்லிவிடாதே. பிறகு ஒரு நாள் அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் குருத்தைத் தரையோடு வெட்டினாள். “குழிமேல கண்டது முளைச்சா ஆவாது” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அது முளைக்கும். ஒவ்வொரு மழைக்கும் அவள் போவாள். சிமெண்ட்டு பூசிக் கல்லறை கட்டுவோம் என்று ஊர் கேட்டபோது மட்டும், மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். செத்த புருஷன் குழியை இப்படிப் பராமரிக்கிற பெண்ணை உலகத்தில் பார்த்ததில்லை என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் சூசை உபதேசியார் பெண் கேட்டு வந்தார். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாராவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று சாமியார் ஒவ்வொரு தடவையும் கேட்டார். நைனா முதல் வரிசையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் தூணை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்தில் பிறந்தவன் நீ.

சட்டம் படித்தவனுக்கு இப்போது விஷயம் புரிந்திருக்கும். முதல் புருஷன் உயிரோடு இருக்க நடந்த இரண்டாம் கல்யாணம் கல்யாணமே அல்ல. அதில் பிறந்த பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பன்னிரண்டு வயதில் சாமியாராகப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். உன் அம்மா சமையற்கட்டில் போய் உட்கார்ந்தவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை. ஆனந்தம் என்று உனக்குச் சொன்னோம்.

நைனாவும் போய்ச் சேர்ந்தார். உன் அப்பாவும் போய்விட்டார். கதை அடங்கிவிட்டது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். பர்மாவில் குண்டு விழுந்த சமயம், சந்தை நாளன்று மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கிய ஒருவன் என் கடைக்கு வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “சவரி அனுப்பிச்சாரு. சாவக் கெடக்கறாரு. ஒங்க சாமியாரு வந்து எண்ணெய் தடவணுமாம். எங்க பூசாரி வந்தா வேணாங்கறாரு” என்றான். நான் அவனுக்கு வயிறார வாங்கிக்கொடுத்து, சாமியார் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்ப வாயைத் திறந்துவிட்டேன். வாய் திறந்தது. ஆனால் அக்கா பின்னால் நின்றிருந்தாள். உன் அப்பா போய் அவள் என் வீட்டுக்கு வந்த பிறகுதான் குழிக்குள் வாழை என்பதை அவளிடம் நான் சொல்லியிருந்தேன்.

“சாமி கோயில்லதான் கீறாரு. போய் இட்டுக்கினு வா” என்றாள்.

“அக்கா, யோசிச்சிப் பாரு. அவர் வாயத் தொறந்தா நம்ம புள்ளையோட பட்டம் போச்சி. இத்தினி வருஷம் செத்தவரு இன்னும் ரெண்டு நாளு செத்தவராவே இருந்துட்டுப் போவட்டும்.”

“அவுரு ஆத்துமாவும் நம்ம பொய்யிலயே போவணுமா?”

“ஒம்மவனுக்கு இன்னா சொல்லுவே?”

“நீ இருக்கறியே. நாளைக்கு நீ சொல்லு” என்றாள். “மொதல்ல சாமியாரை இட்டுக்கினு வா.”

இப்படித்தான் இந்தக் கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சாமியாரிடம் மலையில் ஒரு பழைய கிறிஸ்தவன் கிடக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் வயதானவர், ஆனாலும் உடனே எண்ணெய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்காவும் கூட வந்தாள். மலைப்பாதையில் அவள் செருப்பில்லாமல் எங்களுக்கு முன்னால் ஏறினாள். நான் மூச்சு வாங்கிய சத்தத்தில் காட்டுக்கோழிகள் அடுத்த மலைக்குப் பறந்தன. அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

குடிசை அப்படியே இருந்தது. சவரி மாமா மட்டும் ஒரு கைப்பிடி ஆகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் என் பெயரைச் சொன்னார். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த மலைக்காரப் பெண், பொன்னி என்று பெயர், அவர் தலையை மடியில் வைத்துக் கஞ்சித் தெளிவை ஊட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்த பிள்ளைகள் கொல்லையில் நின்றார்கள். சாமியார் நிலைமையை ஒரு பார்வையில் தெரிந்துகொண்டார். இந்தப் பெண் வெளியே போனால்தான் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியும், சேர்ந்து வாழ்ந்ததை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும், அதுவரை எண்ணெய் பூசமாட்டேன் என்றார். சட்டம் அதுதான் என்று உனக்கும் தெரியும். பொன்னி சட்டியை இறக்கி வைத்தாள். மடியிலிருந்து அவர் தலையை மெல்லத் தூக்கி ஒரு துணிச் சுருட்டின் மேல் வைத்தாள். எழுந்து வெளியே போனாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பலா மரத்தடியில் போய்க் குந்தினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தன் வீடாக இருந்ததிலிருந்து ஒரே வாக்கியத்தில் கிளம்பிப் போனாள்.

சட்டப்படி உள்ளே இருக்க உரிமை உள்ளவள் என் அக்கா. அவள் வாசலைத் தாண்டி வெளியே வந்து, பலா மரத்தடியில் பொன்னி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கூரையின் எரவாணத்துக்கு அடியில் நின்றேன். என் வாயில் எதற்கும் ஒரு கதை இருக்கும். அன்றைக்கு இல்லை.

“நீதான் மொதலு சம்சாரமா?” என்றாள் பொன்னி.

“ஆமா.”

“தான் செத்தா வந்து பாக்க ஒங்க கூட்டத்துல யாருமில்லன்னு சொன்னாரு. வரமாட்டாங்கன்னு.”

“அவுரு எங்களுக்கு எப்பவோ செத்துட்டாரு. குழிகூட இருக்குது ஊர்ல” என்றாள் அக்கா.

பொன்னி திரும்பிப் பார்த்தாள். பரிகாசமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “ஒரு ஆளுக்கு எத்தினி குழி?”

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துப் பொன்னியின் நனைந்த தலையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

சாமியார் கதவைத் திறந்து எல்லாம் முடிந்தது என்றார். முகம் வெளுத்திருந்தது. என்ன கேட்டார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். பாவசங்கீர்த்தன ரகசியம், அவர் இனி எந்த ஜென்மத்திலும் வாய் திறக்க முடியாது. அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். “சாமி, ஒங்க வேல முடிஞ்சிச்சி. இருட்டறதுக்குள்ள எறங்கணும், கெளம்புங்க” என்றாள். அவர் தயங்கி நின்றார். பொன்னியைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. அவர் குடையை விரித்து நடக்க ஆரம்பித்ததும் அக்கா பொன்னியிடம், “உள்ள போ. தொண்ட காஞ்சிருக்கும், தண்ணி குடு” என்றாள். மறுநாள் சவரி மாமா செத்தார் என்று பிறகு ஆள் வந்து சொன்னான். பொன்னி மடியில்தான்.

இது பாவமா என்று என்னைக் கேட்காதே. நீதான் படித்தவன். இந்தக் கடிதம் முழுக்க உனக்குப் புத்தி சொல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீ அந்த இடத்தில் எண்ணெய்ச் சிமிழோடு நிற்பாய். யாரையாவது வெளியே போ என்று நீயும் சொல்ல வேண்டி வரலாம். சொல்வதற்கு முன்னால் வெளியே மழை பெய்கிறதா என்று எட்டிப் பார்.

இறங்குகிற வழியில் நான் சாமியாரிடம் ஒரு கதை சொல்லட்டுமா என்றேன். நீ கதை சொல்லாத நேரம் எது என்றார். எங்கோ ஒரு ஊர், அங்கே ஒரு பெண், அவளுடைய புருஷன் செத்துவிட்டான் என்று அவளை நம்பவைத்து வேறு ஒருவருக்குக் கோயிலில் கட்டிவைத்தார்கள், பிள்ளை பிறந்தது, பிறகு பார்த்தால் முதல் ஆள் உயிரோடு, அந்தப் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று கேட்டேன். சாமியார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, கதைக்குக் கதையாகவே பதில் சொல்கிறேன், அதற்கு மேல் எதுவும் என்னிடம் கேட்காதே என்றார். “கட்டிக்கொண்ட இருவரில் ஒருவராவது அறியாமல், நல்ல மனசோடு கோயிலில் தாலி கட்டியிருந்தால் போதும். பிள்ளை முறையான பிள்ளைதான். ஒருவராவது.” நான் அந்த ஒருவராவது என்ற சொல்லை வெல்லக்கட்டி மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு வீடு வந்தேன். தாலி கட்டிய நாளில் அக்கா எதுவும் அறியாதவள், ஆகவே நீ தப்பித்தாய் என்று முடிவுகட்டினேன்.

போன தை மாதம் அவள் படுக்கையில் கிடந்தபோது அந்த வெல்லக்கட்டியை அவளுக்குக் கொடுத்தேன். நீ வந்து பார்த்துவிட்டுக் குருமடத்துக்குத் திரும்பிய மறுநாள், காலை வெயில் அவள் காலில் விழுந்துகொண்டிருந்தது. “பயப்படாதக்கா. தாலி கட்டறப்ப ஒனக்கு ஒண்ணும் தெரியாதே. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது” என்றேன். அவள் தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“ஒனக்குக் கரடி வளக்கத் தெரிஞ்ச அளவுக்கு வேற ஒண்ணும் தெரியலடா தம்பி” என்றாள். “பொட்டி தூக்கின அன்னிக்கு ஒஞ்சொக்காயத் தொவைக்க எங்கிட்டதான குடுத்தே. தோள்ல இருந்தது ரத்தமா? வாழக்கறை. ஒரு மூட்ட சவுக்காரம் போட்டாலும் போவாது. ரத்தம்னா போயிருக்கும்.”

குருத்து மொளைக்கறதுக்கு முன்னாடியேவா என்றேன். மொளைக்கறதுக்கு முன்னாடியே என்றாள். தெரிந்தா கட்டிக்கொண்டாய் என்றேன். “எனக்கு ஒரு வூடு வேணும்னு இருந்திச்சி. அவுரே வேணான்னு போனாரு, நைனா குழி வெட்டி மூடினாரு. நான் மட்டும் இன்னா, அந்த வாழமரத்துக்குப் பொண்டாட்டியா உக்காந்திருக்கணுமா? பாவம்னா பாவந்தான். சாமிகிட்ட சொல்லிட்டேன். ஒங்கிட்ட இப்பதான் சொல்றேன்.” கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, “உபதேசியாருக்குத் தெரியுமான்னு கேளேன்” என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை, மகனே. என் மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. மரித்தோர் திருநாள் தோறும் உன் அப்பா சாயங்காலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். ஒன்று அவருடைய அம்மாவுக்கு. இன்னொன்று சவரிமுத்துவுக்கு. நீயும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாய், மெழுகு கையில் சொட்டி அழுதிருக்கிறாய். தான் கட்டிக்கொண்டவளின் செத்துப்போன புருஷனுக்காக அந்த மனிதர் மண்ணில் மண்டிபோட்டு, ஐம்பத்துமூன்று மணி செபமாலையும் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். ஊர் கேலி பேசியது. நானும் பேசினேன். “இன்னா உபதேசியாரே, போன ஆளு மேல இத்தினி பாசம்” என்பேன். “அவரு இடத்துல நான் ஒக்காந்திருக்கறேனே, கடமை இல்லியா” என்பார். தெரிந்த மனிதன் வாழைக்கிழங்குக்கு முன்னால் அப்படி மண்டிபோட முடியாது. நான் உலகமகா நடிகன், என்னால்கூட முடியாது. நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். அறியாதவர் அவர் ஒருவர். சாமியார் சொன்ன அந்த ஒருவர் அவர்தான். நைனாவின் தந்திரத்தாலும் இல்லை, அக்காவின் மௌனத்தாலும் இல்லை, என் கரடியாலும் இல்லை. எங்களிடம் ஏமாந்த அந்த மனிதரின் மெழுகுவர்த்தியால்தான் நீ முறையான பிள்ளை.

இதை நீ மேற்றிராணியாரிடம் சொல்ல வேண்டுமா என்பது உன் மனசாட்சி. சொன்னால் விசாரணை வரும், பட்டம் தள்ளிப்போகலாம், இந்தக் குடும்பத்தின் பெயர் பர்வதமலையிலிருந்து உருண்ட அந்தப் பாறையைவிட வேகமாக உருளும். விசாரித்தால் நான் வந்து பைபிள் மேல் கை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். உன் அப்பா ஏற்றிய மெழுகுவர்த்தியைப் பார்த்த கிழடுகள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்களும் சொல்வார்கள், ஏன் கேட்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது நீயும் எங்களில் ஒருவன். அது அவ்வளவு நல்ல கூட்டம் அல்ல என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

பொன்னி சந்தை நாளில் இறங்கினால் என் கடைக்கு வருவாள். உள்ளே வந்து உட்காருவாள். அந்த அம்மா வூட்டுப் புள்ள சாமியாரு ஆயிட்டாரா என்று கேட்பாள். மலையில் அவர் படுத்திருக்கிற இடத்தில் கல் நட்டிருக்கிறார்களாம். நீ வந்தால் வழி நான் காட்டுகிறேன், மூச்சு வாங்கினாலும்.

இன்னொரு விஷயம். அக்கா போனதிலிருந்து குழியை யாரும் பார்க்கவில்லை. இந்த ஐப்பசிக்கு அது மறுபடி முளைத்தது. இப்போது என் இடுப்பு உயரம் இருக்கிறது. இந்தத் தடவை நான் கூட்டிச் சொல்லவில்லை, போய் நின்று பார்த்துவிட்டு வந்தே எழுதுகிறேன். முதல் பூசைக்கு நல்ல சகுனம் என்று ஊர் அதற்கு வேலி கட்டியிருக்கிறது. அவளுடைய அரிவாள் எரவாணத்தில் செருகியபடியே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. நீ வந்து அதை எடுக்கிறாயா, தீர்த்தச் செம்பை எடுக்கிறாயா, அல்லது உன் அப்பா மாதிரி ஒரு மெழுகுவர்த்தியை எடுக்கிறாயா என்பதை, ஊரோடு நானும் நின்று பார்ப்பேன். யாராவது கரடியைப் பற்றிக் கேட்டால், புள்ள வரட்டும், அவன் சொல்வான் என்று சொல்லிவிடுகிறேன்.

உன் மாமன், உன்னை வளர்த்தவன்.